குதிரைக்குக் கொம்பு இருந்த நாள்

புதுச் சப்பாத்து மரத்தரையில் கீச் கீச்சென்று கத்தும்... லண்டனில் ஓர் ஓவியக் கூடத்தில் நான் காவல் வேலை பார்த்த காலத்தை நினைத்தால், அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கிறது.

மூலையில் நிற்பதும், "டோன்ட் டச் ப்ளீஸ்" சொல்வதும்தான் வேலை. எனக்கோ நின்ற இடத்தில் நிற்காத கால். சூப்பர்வைசரைக் கண்டால் நிற்பேன், அவர் போனதும் நடப்பேன்.

என் அறையில் பெரிய குதிரைப் பந்தயப் படம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இங்கிலீஷ்காரர் வரைந்தது. எல்லாக் குதிரையும் முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீட்டி, ஒரு காலும் நிலத்தில் படாமல் பறக்கும். இறங்கினால் வயிறுதான் முதலில் இறங்கும்!

நான் எங்கே குதிரைப் பந்தயம் பார்த்தேன்... பார்த்ததெல்லாம் ஊரில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து, சின்ன வகுப்பில் படித்த மகளுக்கு, சவாரி மாட்டையே குதிரையாக்கி, அந்தப் படத்தைப் பற்றி அளப்பேன்.

"கறுப்பன் முன்னால போறான்... சிவலை விடுறானில்லை... ஓட்டுறவன் வாலைப் பிடிச்சு முறுக்கு முறுக்கெண்டு முறுக்கினான் பார்!"

வாய் பிளந்து கேட்பாள்.

ஒருநாள் ஓடி வந்தாள். "அப்பா, எங்கட கிளாஸ் உங்கட கேலரிக்கு வருது!"

மூலையில் நிற்கிற மனிதன்தான் அப்பா என்றால், கூட்டாளிகளுக்கு முன்னால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்காதா?

"பிள்ளை, அங்க என்னைத் தெரியாத மாதிரி இரு, என்ன? வேலைச் சட்டம்."

அப்படி ஒரு சட்டமும் இல்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "வெக்கம் அவளுக்கோ, உங்களுக்கோ?"

அன்று பிள்ளைகள் படத்தின் முன் தரையில் சப்பாணி கட்டி இருந்தார்கள். நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். குதிரையை எப்படி வேகமாக ஓட வைப்பார்கள் என்று டீச்சர் கேட்டார்.

என் மகளின் கை உயர்ந்தது.

வாலை முறுக்க வேண்டுமாம். வென்ற குதிரைக்குக் கொம்பில் மாலை கட்டுவார்களாம். இங்கிலீசில் அடித்துச் சொன்னாள்.

கொம்பா! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"யார் சொன்னது?" என்றார் டீச்சர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலைக்கு மேலே முகட்டைப் பார்த்தேன்...

"தட்ஸ் மை அப்பா," என்று விரலை நீட்டினாள். "ஹீ நோஸ்."

அத்தனை தலையும் திரும்பியது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இஸ் தட் ரைட், சேர்?" என்றார்.

"ஒன்லி இன் ஸ்ரீலங்கா, மிஸ்," என்றேன்.

"வாவ்!" என்றது வகுப்பு. மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

இப்போது அவள் பெரிய வேலையில் இருக்கிறாள். இன்றைக்கு மழை வரும் என்று நான் சொன்னால்கூட போனை எடுத்துப் பார்க்கிறாள்.

"ஆர் யூ ஷுவர், அப்பா?"

எனக்கு அன்றைக்கும் ஷுவர் இல்லை, பிள்ளை... அன்றைக்கு நீதான் ஷுவராக இருந்தாய்.