ஒற்றை டிக்

யாழ்ப்பாணத்திலிருந்து போய் தெமோதரைத் தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா என் குவாட்டர்ஸுக்கு வருவார். மெலிந்த உடம்பு, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். வாசல் படலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "சேர், வைஃபை கொஞ்சம் எடுத்துக்கவாங்க?" என்பார்.

பாஸ்வேர்டை முதல் நாளே அவருடைய போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். "இனிக் கேக்கத் தேவையில்லை அம்மா, தானா வரும்" என்றும் சொன்னேன்.

"வருதுங்க. ஆனா கேக்காம எடுத்தா களவுங்க சேர்."

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகளுக்கு, முற்றத்தில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவார். "சாப்பிட்டியா பாப்பா?" அவ்வளவுதான். பிறகு போனை என்னிடம் நீட்டுவார். ஒற்றை டிக். அதற்கு மேலே போன வாரத்தது, அதற்கு முந்தின வாரத்தது, எல்லாமே ஒற்றை டிக். மூன்று மாதமாக எதுவும் மகளின் போனுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இண்டைக்கு லைன் கொஞ்சம் ஸ்லோ அம்மா" என்பேன்.

"அப்படிங்களா" என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

மாற்றலாகிப் புறப்பட்ட அன்று, "அடுத்து வாற டீச்சரிட்டச் சொல்லி வைக்கிறன், நீங்கள் வழமைபோல வாங்கோ" என்றேன்.

"வேணாங்க சேர். லைன் ஸ்லோன்னு அவங்களும் பொய் சொல்லணும். பாவங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எத்தனை ஞாயிறாக அவருக்குத் தெரிந்திருந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.