வள்ளியக்கா காட்டுல விழுந்த ஏரோப்ளேன்

தொண்ணூத்தி நாலுல ஒரு மத்தியானம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்துல, வள்ளியக்கா சோளக்காட்டுல ஒரு குட்டி ஏரோப்ளேன் வந்து விழுந்துச்சு. ஃப்ளையிங் கிளப்புல பைலட்டுக்குப் படிக்கிற பையன் பிரவின்குமார் தனியா ஓட்டிப் பழகிட்டு இருந்தான். பறக்கும்போதே எஞ்சின் கக்கிக் கக்கி நின்னுபோச்சு.

றெக்கை ஒடிஞ்சு, பெட்ரோல் ஒழுகிட்டுக் கெடக்கு. ஊரே தள்ளி நின்னு வேடிக்கை பாக்குது. வள்ளியக்காதான் ஓடுச்சு. அருவாள்ல பெல்ட்ட அறுத்து அவன வெளிய இழுத்துப்போட்டு, முந்தானையக் கிழிச்சு மண்டைல கட்டுச்சு.

"எஞ்சின் நின்னுபோச்சுக்கா. முந்தாநேத்தே மக்கர் பண்ணுச்சு. கிளப்புல சொன்னேன், ஒண்ணும் ஆகாது போன்னு அனுப்பிட்டாங்க"ன்னு அழுதான்.

"உசுரு இருக்குதில்ல கண்ணு, அது போதும்"னுச்சு அக்கா.

புருஷன் போயி, புள்ளகுட்டி இல்லாம ஒண்டியா வெள்ளாம பாக்கற மனுஷி அது. காயம் ஆறுனதும் பிரவின் பஸ் ஏறி ஏறி வந்தான். வந்தா அரிசிம்பருப்புச் சோறுதான், நாட்டுக்கோழிதான். பேச்சோட பேச்சா, ஏரோப்ளேன் விழுந்த அன்னிக்கு விடியால தென்னமட்டையக் குவிச்சு எரிச்சத அக்காவே சொல்லுச்சு. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா நீ சாம்பல்ல குளிச்சிருப்பேன்னு சொல்லிச் சிரிச்சுது.

விசாரணைக்கு ஆபீசருங்க காட்டுக்கே வந்தாங்க. பிரவினும் கூட வந்தான். அக்காவப் பாக்காமயே சொன்னான்.

"எஞ்சின் நல்லாத்தான் ஓடுச்சு சார். இவங்க மட்டைக்குத் தீ வெச்சிருந்தாங்க. தாழப் பறக்கறப்ப பொகை மறைச்சிருச்சு."

எப்படிங்க மனசு வந்துச்சு அவனுக்கு? எஞ்சினப் பத்தி வாயத் தொறக்காம இருந்தாத்தான் மறுபடி பறக்க உடுவோம்னு கிளப்புல சொல்லியிருந்தாங்களாம்.

தீ வெச்சீங்களான்னு ஆபீசர் கேட்டாரு. வெச்சேனுங்கன்னுச்சு அக்கா. அது காலைலயே அணைஞ்சுபோச்சு, எஞ்சின் நின்னத இந்தப் பையனே எங்கிட்டச் சொன்னானுங்கன்னும் சொல்லுச்சு. அத யாரும் காதுல வாங்கல.

அப்புறம் சந்தைக்குப் போனா, "ஏரோப்ளேனையே எறக்கிப்போட்ட ஆளு வருது, வழிய உடுங்கப்பா"ன்னு கிண்டல். அடுப்பு பத்த வெக்கறப்பக்கூட ஒருவாட்டி வெளிய வந்து அண்ணாந்து பாத்துட்டுப் போகும், பாவம்.

லைசென்ஸ் வாங்குன கையோட பிரவின் ஸ்வீட் பாக்ஸோட வந்தான். வேற வழி தெரியலக்கா, மன்னிச்சிருங்கன்னான்.

வெயில்ல வந்தவனுக்குத் தண்ணி குடுக்காம இருக்க அக்காவால முடியாது. சொம்புல மோந்து நீட்டுச்சு.

"குடிங்க. பஸ்ஸு வர்ற நேரமுங்க."

உள்ள வான்னு சொல்லல. கண்ணுன்னும் கூப்புடல. காலிச் சொம்ப வாங்கிக்கிச்சு, ஸ்வீட் பாக்ஸ் அவன் கையிலயே இருந்துச்சு. ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திப்போட்டுச்சு.