கூரைமேல் குளம்

மாஸ்டருக்குக் கோபம் வருவது என்று தனியாக ஒன்று கிடையாது. அது எப்போதும் இருக்கும். நடுவில் கொஞ்சம் தூங்குவார், அவ்வளவுதான். தொழில் தார்ப்பாய் தைப்பது. லாரிக்கு, கடை வாசலுக்கு, வெளியில் கிடக்கும் சாமான்களுக்கு என்று கேட்பவர்களுக்கெல்லாம் கனத்த துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பித்தளை வளையம் அடித்துக் கொடுப்பார். மீசை முளைக்கும் முன்பே ஒரு லாரிப் பட்டறையில் கோணி ஊசி பிடித்தவர். கீழே பட்டறை, மேலே இரண்டு அறை, அதற்கும் மேலே தகரக் கூரை. அதுதான் அவர் ராஜ்ஜியம். மந்திரி, படை, கஜானா எல்லாம் அவர் மனைவி.

காலையில் செய்தித்தாளைக் கையில் எடுத்தாரானால் தெருவே காது கொடுக்கும்.

“கேட்டியா கதைய? ஒருத்தன் சொகுசுக் கப்பல் வாங்கியிருக்கான், அவனுக்கு வரி தள்ளுபடி. நான் நூல்கண்டு வாங்கினா வரி. ஊசி வாங்கினா வரி. ஊசியில குத்திக்கிட்டு மருந்து வாங்கினா அதுக்கும் வரி!”

“கப்பல்காரன் காதுல விழுந்துடப் போகுது, மெதுவா,” என்பார் மனைவி. “அந்த ஓரத்தைப் பிடிங்க. கோணலா போகுது.”

பிடிப்பார். பிடித்துக்கொண்டே திட்டுவார். வாய் ஒரு பக்கம் ஓடினாலும் கை கோணாது.

அவர் திட்டுக்களில் பெரும்பங்கு ஊர்க்கோடியில் மேட்டின்மேல் இருந்த வீட்டுக்காரருக்குப் போகும். ஊரில் அவருக்கு மேட்டு முதலாளி என்று பெயர். கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். அந்தக் கம்பெனிதான் நகராட்சிக்கு ‘வானக்கண்’ என்ற ஒன்றை விற்றது. சின்ன விமானம் மாதிரி ஒன்று கூரைகளுக்கு மேலே பறந்து படம் எடுக்கும். யார் வீட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு வரி போடலாம் என்பதை ஒரு மெஷின் தானே யோசித்து முடிவு செய்யும். ‘தவறே செய்யாத கண்’ என்று தெருமுனைகளில் தட்டி வைத்தார்கள். மேடை போட்டு மேட்டு முதலாளி பேசினார். மனிதன் பார்த்தால் பாரபட்சம், மெஷின் பார்த்தால் நியாயம், இனி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கண் என்றார். கை தட்டல் வானைப் பிளந்தது.

“கண்ணைச் செஞ்சவன் அவன்,” என்றார் மாஸ்டர். “அது எந்தப் பக்கம் பார்க்கணும்னு அவனுக்குத் தெரியாதா?”

கூட்டத்தில் பக்கத்தில் நின்றவர் மெல்ல நகர்ந்துகொண்டார்.

இதற்குச் சில மாதம் முன்புதான் மேட்டு வீட்டு மேனேஜர் பட்டறைக்கு வந்திருந்தார். முதலாளி வீட்டு நீச்சல்குளத்துக்கு மூடி தைக்க வேண்டும், நீல நிறத்தில். மாஸ்டர் திட்டியபடியே அளவெடுத்தார், திட்டியபடியே தைத்தார். துணி முடியும் தறுவாயில் மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“மாஸ்டர், நீலம் வேணாம். புல்லு கலர்ல வேணும். அச்சு அசலா சுத்தி இருக்கற புல்லு மாதிரியே.”

“தைச்சாச்சே!”

“அதுக்கும் சேர்த்து வாங்கிக்கோங்க. நிறம் மட்டும் புல்லா இருக்கணும். முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு.”

பணக்காரன் புத்தி, நேற்று நீலம் இன்றைக்குப் பச்சை என்று அதையும் தைத்துக் கொடுத்தார். தார்ப்பாய்த் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: வேண்டாமென்று ஒதுக்கிய துணி வெட்டியவனுக்குச் சேரும். அப்படி அந்த நீலத் துணி வீட்டுக்கு வந்தது. தகரக் கூரை ஓட்டை உடைசலாகி, மனைவி கட்டிலை மாதத்துக்கொரு மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்த காலம் அது. இருவருமாக மேலேறி நீலத்தைக் கூரைமேல் விரித்தார்கள்.

மற்றவர்களென்றால் விரித்து, நாலு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கியிருப்பார்கள். மாஸ்டருக்கு அது ஆகாது. சுருக்கம் விழுந்த தார்ப்பாய் அவருக்குத் தலை வாராத பெண்பிள்ளை மாதிரி. சுற்றிலும் சட்டம் அடித்து, வளையத்துக்கு வளையம் கயிறு கோத்து, இழுத்து இழுத்து, தட்டினால் மேளம் போலக் கேட்கும் வரைக்கும் விடவில்லை. மழை பெய்தது. மேலே ஒரு விரற்கடைத் தண்ணீர் தளும்பி நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மனைவி கட்டிலை ஒரே இடத்தில் போட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. தங்கள் இல்லத்தின் மேல்தளத்தில் உள்ள நீச்சல்குளத்துக்கு ஆடம்பர வரி, பழைய பாக்கியோடு. கட்டாவிட்டால் பட்டறைக்கு இந்த வருட அனுமதி கிடையாது. மாதக் கடைசியில் பூட்டு.

மாஸ்டர் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்த மனைவி நோட்டீஸை வாங்கித் தானே படித்தார்.

முறையிட வேண்டுமானால் போனில் என்று போட்டிருந்தது. அழைத்தால் தேன் ஒழுகும் ஒரு பெண்குரல். மனுஷியில்லை, அதுவும் மெஷின்தான்.

“வணக்கம்! உங்கள் நீச்சல்குளம் தொடர்பாக உதவுவதில் மகிழ்ச்சி. உங்கள் குளம் ஆழமானதா, ஆழம் குறைந்ததா?”

“குளமே இல்லம்மா.”

“புரிந்தது. ஆழம் குறைந்தது. குளத்தில் எத்தனை பேர் நீந்துகிறார்கள்?”

“உன்னைச் செஞ்சவனைக் கூட்டிட்டு வா, அமுக்கிக் காட்டறேன்!”

“நன்றி. ஒருவர் என்று பதிவு செய்துகொண்டேன்.”

மனைவி போனைப் பிடுங்கினார். அதற்குள் விண்ணப்பம் முடிந்துபோய்விட்டது. ஆழம் குறைந்த குளம் என்று மாஸ்டரே தன் வாயால் ஒப்புக்கொண்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

மாஸ்டர் நேரில் போனார். முன்பு பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வரி அலுவலகத்தில் ஒரே ஒரு குமாஸ்தா இருந்தார். மற்ற நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் நின்றன. குமாஸ்தா பாவம், நல்ல மனிதர். திரையைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து எடுத்த படம். மாஸ்டரின் கூரை, பளபளவென்று நீலமாக, நடுவில் சூரியன் மின்ன, பார்க்கவே குதிக்கலாம் போலிருந்தது.

“துணிதான்னு எனக்குத் தெரியுதுங்க. கொஞ்சம் சுருக்கம் இருந்தா மெஷினும் கண்டுபிடிச்சிருக்கும். இவ்வளவு இழுத்துக் கட்டினா அது என்ன பண்ணும்?”

“ஒழுங்கா கட்டினது என் தப்பா? ஒரு ஆள் வந்து ஏறிப் பாருங்க!”

“ஆளையெல்லாம் எடுத்துட்டாங்க. அந்தக் காசுலதான் மெஷினே வாங்கினது.”

“அப்போ துணியைக் கழட்டிடறேன்.”

“ஐயையோ, வேண்டாம்! குளத்தை மறைச்சுட்டாங்கன்னு காட்டும். அதுக்கு அபராதம் தனி.”

மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். திரையின் மேல் ஓரத்தில் மேடு தெரிந்தது. மேட்டு வீடு தெரிந்தது. வீட்டைச் சுற்றி ஒரே பச்சை. புல், புல், புல். அதில் எந்தச் சதுரம் புல்லில்லை என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மேனேஜர் ஏன் அப்படி மூச்சிரைக்க ஓடி வந்தார் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். முழுக் குளத்தைப் புல்லில் மறைக்கத் துணி தைத்துக் கொடுத்தவரே அவர்தான்.

“அடுத்து எப்போ பறக்கும் இது?” என்று கேட்டார்.

“வியாழக்கிழமை. ஏங்க?”

“சும்மா கேட்டேன்.”

புதன்கிழமை மேட்டு வீட்டுக்குப் போனார். மழைக்கு அப்புறம் தையலுக்கு மெழுகு போடணும், இல்லைன்னா விட்டுப்போகும் என்று மேனேஜரிடம் சொன்னார். அது பொய்யுமில்லை. மேனேஜர் முதலாளியோடு வெளியூர் கிளம்புகிற அவசரத்தில் தலையாட்டினார். மாஸ்டர் கயிற்றை அவிழ்த்து, புல்வெளியைச் சுருட்டுவது போல அதைச் சுருட்டி, வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பட்டறையில் மலைபோல் கிடந்த பச்சையை மனைவி பார்த்தார்.

“இது எதுக்கு இங்க?”

“பழுது.”

“எங்க பழுது?”

“துணிக்கு உடையவன்கிட்ட.”

மனைவி திரும்பிப் போய்த் தைக்க உட்கார்ந்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை வானக்கண் ஈ போல ரீங்காரமிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியது. மாஸ்டர் தெருவில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அது மேட்டுப்பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மெஷினை அவர் திட்டவில்லை.

மெஷினைக் குறை சொல்லக்கூடாது. அது குளத்தைப் பார்த்தது, கண்டுபிடித்தது, மேட்டு வீட்டுக்கும் ஒரு நோட்டீஸை அனுப்பியது. மாஸ்டருக்கு வந்த அதே நோட்டீஸ், எழுத்து பிசகாமல். வெள்ளிக்கிழமை அது போனது. சனிக்கிழமை பாதி நாள் அலுவலகம். அந்தப் பாதி நாளுக்குள் ரத்தாகிவிட்டது. அது நீச்சல்குளமில்லையாம். தீப்பிடித்தால் அணைக்க வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியாம். அதற்கு வரிச் சலுகையும் உண்டாம்.

திங்கட்கிழமை இதை மேனேஜரே வந்து சொன்னார், பட்டறை வாசலில் நின்றுகொண்டு.

“என்ன மாஸ்டர், மெழுகு போட இவ்வளவு நாளா? முதலாளி வருத்தப்பட்டாரு. தொட்டியோ குளமோ, திரும்பத் திரும்பப் படத்துல வந்தா அவருக்குத்தான் சங்கடம். நாளைக்கே வந்து கட்டிடுங்க.”

“தீயணைக்கற தொட்டியை எதுக்குப் புல்லு மாதிரி மூடணும்? நெருப்புக்குத் தெரியக்கூடாதா?”

மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. “உங்க நோட்டீஸ் விஷயமும் தெரியும். முதலாளி ஒரு போன் போட்டா போயிடும். வந்து கட்டுங்க, நடந்ததுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு கேளுங்க. அவர் பெரிய மனசுக்காரர்.”

“கட்டாத குளத்துக்கு வரி, பண்ணாத தப்புக்கு மன்னிப்பா? போய்யா!”

மேனேஜர் போய்விட்டார். மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“மாசக் கடைசியில பூட்டுப் போட்டுடுவாங்க. அப்புறம் எங்க உட்கார்ந்து திட்டுவீங்க?”

“அவன் காலைப் பிடிக்கச் சொல்றியா?”

“காலை யார் பிடிக்கச் சொன்னா? கயித்தைப் பிடிங்க. பேச்சை நான் பார்த்துக்கறேன்.”

“அவன் ஒரு போன்ல முடிக்கறான். நியாயம்னு ஒண்ணு இருந்திருந்தா நானும் ஒரு போன்ல முடிச்சிருக்கணும்ல?”

“இருந்திருக்கணும். இல்லையே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? பூட்டு உங்க கோபத்துக்கு மட்டும் இல்லை, என் தையல் மெஷினுக்கும் சேர்த்துத்தான்.”

மாஸ்டர் ஊசியை எடுத்து நூல் கோக்க உட்கார்ந்தார். அன்றைக்கு நூல் ஊசிக்காதில் நுழைய வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் இருவரும் மேட்டுக்குப் போனார்கள். மாஸ்டர் வளையத்துக்கு வளையம் கயிறு கோத்தார், மனைவி எதிர்முனையில் நின்று இழுத்தார். குளம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லுக்குள் போய் மறைந்தது. ஒரு சுருக்கம் இல்லை. எதிரிக்குக் கட்டினாலும் அவருக்குக் கோணலாகக் கட்டத் தெரியாது.

முதலாளி வெளியே வந்தார். காலில் செருப்பில்லை, பணம் அதிகமானவர்கள் தங்கள் புல்லில் அப்படித்தான் நடப்பார்கள்.

“தொழில்னா இது தொழில்!” என்றார். “பாருங்க, மெஷின் புதுசு, குழந்தை மாதிரி. ஆரம்பத்துல நாலு பேரைத் தப்பாத்தான் பார்க்கும். போகப் போகக் கத்துக்கும். எதிர்காலத்துக்காக நாம எல்லாருமே கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

“நாம எல்லாருமேன்னா?” என்றார் மாஸ்டர்.

மனைவி கயிற்றின் மறுமுனையை வெடுக்கென்று இழுத்தார். மாஸ்டர் முடிச்சுக்குக் குனிந்தார்.

“இவருக்கு வாய் கொஞ்சம் நீளம்ங்க,” என்றார் மனைவி. “அந்த நோட்டீஸை மட்டும் பார்த்துச் செய்யுங்க.” அதில் மன்னிப்பு எங்கே இருந்தது என்று தேடினால் கிடைக்காது. ஆனால் முதலாளி கேட்டுவிட்டது போலத் தலையசைத்தார். போனை எடுத்தார். மறுமுனையில் யாரையோ பேர் சொல்லி அழைத்து, பிள்ளைகளை விசாரித்து, சிரித்து, நடுவில் ஒரு வரியில், “ஆமா, கூரைமேல தார்ப்பாய், எடுத்துடுங்க,” என்றார். அவ்வளவுதான். சட்டைக் கையில் விழுந்த தூசியைத் தட்டுவது போல. மனைவியின் போனில் ரத்து என்ற செய்தி, அவர்கள் அங்கே நிற்கும்போதே, டிங் என்று வந்து விழுந்தது.

மனைவி அதை இரண்டு முறை படித்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. சந்தோஷமா அவமானமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“சரி, போயிட்டு வாங்க,” என்றார் முதலாளி. நன்றிக்காக ஒரு நொடி நின்றார்.

மாஸ்டர் தரையில் கிடந்த கத்தரி, ஊசி, மிச்சக் கயிறு எல்லாவற்றையும் நிதானமாகப் பையில் போட்டார். பையைத் தோளில் மாட்டினார். நகரவில்லை.

“கூலிங்க,” என்றார்.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. “மாஸ்டர்! இப்பதானே உங்களுக்கு அவ்வளவு பெரிய உதவி...”

“அது தப்பா போட்ட வரி. தப்பை எடுத்துட்டாரு. இது மெழுகு போட்டு, வண்டியில ஏத்தி, ரெண்டு பேர் நின்னு கட்டினதுக்கு.”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பார்வை மாஸ்டரை விட்டு, இவளாவது புருஷனுக்குப் புத்தி சொல்வாள் என்பது போல, மனைவியிடம் போனது. மாஸ்டரும் பயத்தோடுதான் அந்தப் பக்கம் திரும்பினார். முதலாளியிடம்கூட இல்லாத பயம்.

மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தொகையைச் சொன்னார். மாஸ்டர் மனசுக்குள் வைத்திருந்ததைவிட அது இரண்டு மடங்கு.

“வரி தனிங்க,” என்றார்.

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் காலுக்குக் கீழே இருந்த புல்லைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பையைக் கீழே இறக்கி வைத்தார். மனைவி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். காசு வந்தபிறகுதான் எழுந்திருப்பது என்று இருவருக்கும் பேசாமலே தெரிந்திருந்தது.