அடுத்த மாதம் வரும் புரொசசர்

கணினியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பதுளைக் கடைவீதியில் நான் அடுத்து எந்தக் கணினி வரும் என்று ஜோசியம் சொல்லித் திரிந்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையான மனைவி, பரீட்சை வினாத்தாள் தயாரிக்க மடிக்கணினி கேட்டாள்.

"அடுத்த மாசம் கம்பனிக்காரன் புது புரொசசர் போடப் போறான், பொறு" என்று பள்ளித் தவணைக்குத் தவணை தள்ளிப்போட்டேன். என் ஆதாரமெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கணினிச் சஞ்சிகைகள்.

ஒருநாள் அலுத்துப்போய்க் கடைக்குப் போனால், நான் காத்திருந்த புரொசசர் எப்போதோ வந்து, பழசாகி, அதற்கடுத்ததும் வந்துவிட்டிருந்தது. அந்தப் புதியது போட்ட மடிக்கணினியையே வாங்கிவந்து மேசையில் வைத்தேன்.

கையால் வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இதுதான் நான் எழுதுற கடைசித் தாள். அடுத்த மாசம் எனக்குக் கல்விக் கந்தோருக்கு இடமாற்றம். அந்த ஆபீசில மேசைக்கு மேசை கம்பியூட்டராம்."