திக்குகிற மெஷின்

அந்தப் பழைய சங்கிலி ரம்பத்துக்காக நான் ஒருத்திக்கு ஆறாயிரம் பாக்கி வைத்திருந்தேன். விலை ஒன்பதாயிரம். கையில் இருந்த மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு இரண்டு மாதத் தவணை சொல்லி மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். இன்றைக்கு என் மரக்கடையில் ஏழு மெஷின் ஓடுகிறது, வாசலில் இரண்டு லாரி நிற்கிறது. எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. எவன் அப்பன் வீட்டுக் காசும் அதில் இல்லை. ஆனால் முதல் மெஷின் கடன் மெஷின்தான். சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்?

நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒருத்தியைப் பற்றி. காதுக்காரி என்றால் இன்று மரம் அறுக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்போது அவளுக்கு அந்தப் பெயர் இல்லை. எங்கள் வரிசை வீட்டில் மூன்றாவது கதவு அவளுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் அக்கா. அவள் புருஷன் மரம் அறுக்கிறவர். காலையில் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து கொடுப்பவள் அவள். மாலையில் செயினின் ஒவ்வொரு பல்லுக்கும் அரம் போடுபவளும் அவள்தான். பதினொரு வருஷம் அப்படி. அவர் காய்ச்சலில் போன பிறகு, மர அறுவை மில்லில் தூள் அள்ளப் போனாள். மெஷின் கட்டிலுக்கு அடியில் கோணி போர்த்திக் கிடந்தது.

அதை விற்று மில் வாசலில் ஒரு சின்ன அறை பிடித்து, செயின் தீட்டுகிற கடை போட வேண்டும் என்பது அவள் எண்ணம். நான் கொடுத்த மூவாயிரம் வீட்டு வாடகை பாக்கிக்கே போய்விட்டது. அறைக்காரர் கேட்ட முன்பணம் ஆறாயிரம். தவணை முடிகிற நாளுக்குள் அது வரவில்லை என்றால் அறை சைக்கிள் கடைக்குப் போய்விடும்.

“தம்பி, நாள் தப்பினா மெஷின் என் கட்டிலுக்கு அடியில திரும்பி வந்துரணும். மூவாயிரமும் கிடையாது.”

“அக்கா, நான் வாக்கு மாறுறவனா?”

“வாக்கு மாற மாட்ட. வாயை மூட மாட்ட. அதான் பயமா இருக்கு.”

என்னை எல்லோரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலை வைத்து வந்த பெயர் என்று புதிதாகப் பழகுகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் தொழிலுக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே வந்த பெயர் அது.

மெஷின் பழசானாலும் குறை சொல்ல முடியாது. ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தில் வைக்காமல் முழுசாக முறுக்கினால் அது திக்கும். சீராகக் கத்தாமல் தட்டுத்தடுமாறி, வார்த்தை வராதவன்போலத் திணறும். பேச்சில் ஒருநாளும் திக்காத நான் திக்குகிற மெஷினை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பதா? நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் எந்த மெஷினும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன். புகை போகிற ஓட்டை சுண்டுவிரல் நுழையாத அளவு. இப்படி மூக்கைப் பொத்தினால் எவன் ஓடுவான்? பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டேன். அது என் சொந்த மூளை, எவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு, திக்கு நிற்கட்டும் என்று கார்புரேட்டரில் பெட்ரோல் திருகை உள்பக்கமாக முடுக்கினேன். திக்கு நின்றது. ஊசி குத்துவதுபோல ஒரே கூச்சல்.

தொடைப் பருமன் கட்டை ஒன்றை வைத்து, என் மனைவியை எண்ணச் சொன்னேன். முன்பு நாற்பது எண்ணும்வரை அறுத்த மெஷின், இப்போது இருபத்தாறில் முடித்தது.

“ஒழுங்கா எண்ணினியா?”

“அடுப்புல பால் இருக்குங்க. எண்ணினதே பெருசு.”

அந்தச் சமயம் பழைய நூல் மில் வளாகத்தில் பதினொரு மரங்கள் காற்றில் சாய்ந்து கிடந்தன. காண்ட்ராக்டர் எட்டாயிரம் பேசினார். ஐந்து நாள் கெடு. ஆறாம் நாள் சுவர் கட்ட ஆள் வருகிறது. ஒரு மரம் மிச்சம் இருந்தாலும் பாதிக் காசுதான் என்றார். அக்காவின் தவணை முடிவதும் அந்த ஐந்தாம் நாள்தான். இரண்டு கூலியாட்களோடு இறங்கினேன்.

இரண்டாம் நாள் மதியம் அக்கா வந்து நின்றாள். அவள் வேலை பார்க்கிற அறுவை மில் எதிர்ச் சாரியில்தான் இருந்தது. தலையெல்லாம் மரத்தூள்.

“தம்பி, இது ஏன் திக்க மாட்டேங்குது?”

“வைத்தியம் பார்த்துட்டேன்கா. குணமாயிருச்சு.”

“நோய் இருந்தாத்தானே வைத்தியம்? சும்மா முறுக்கினா திக்கணும், மரத்துல வச்சா திக்கு நிக்கணும். அதுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். சைலன்சர்ல என்ன பண்ணின?”

பெருமையாகக் காட்டினேன்.

“மூச்சைப் பெருசாக்கி விட்டுட்டு சோத்தைக் குறைச்சிருக்க. பெட்ரோலோடதான் ஆயிலும் உள்ள போகுது. ரெண்டையும் குறைச்சா என்ன மிஞ்சும்?”

“வேகம் மிஞ்சும்கா!”

கூலியாட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “ஜன்னி வந்தவன் பாடுற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் திருகைத் தொடவில்லை. தூள் அள்ளுகிறவள் எனக்குச் சொல்வதா என்று இருந்தது. பொய் சொல்வானேன், அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, ஆறாவது மரத்தின் பாதியில், கழுத்தைப் பிடித்து நெரித்ததுபோல மெஷின் நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் பக்கவாட்டில் பூனை பிராண்டியதுபோலக் கோடு கோடாக உரிந்திருந்தது. புதுசு வாங்கச் சொல்லி அனுப்பினால் பத்து நாள் ஆகும். அறுத்துப் போட்ட கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. கூலியாட்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அக்கா வந்தாள். கையில் ஒரு மாவு டப்பா.

“சத்தம் நின்னுச்சு. நின்ன விதம் சரியில்ல. அரை நாள் லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் இதை எடுத்துட்டு வந்தேன்.”

“மெஷினைத் தூக்கிட்டுப் போங்கக்கா. நான் தோத்துட்டேன்.”

“தூக்கிட்டுப் போய்? செத்த மாட்டுக்கு விலை கேக்கவா? எனக்கு ரூம் வேணும். நகரு.”

டப்பாவுக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி, அவள் புருஷன் எப்போதோ கழற்றி வைத்த பழைய பிஸ்டன் இருந்தது. கூடவே பிரிக்காத ஒரு ரிங். உப்புத்தாளை விரலில் சுற்றி, சிலிண்டருக்குள் ஒட்டியிருந்த உலோகத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தாள். நகக்கண் கறுத்தது. பிஸ்டனை நான் மாட்டினேன். போல்ட் முடுக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வந்த ரோஷத்தில், சைலன்சர் ஓட்டையையும் தகரம் வைத்து அடைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

“ஓட்டை இருக்கட்டும். ஓட்டை நல்ல யோசனை. திருகுதான் கெட்ட யோசனை.”

அந்த முதல் பாதியை நான் இன்றுவரை கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் கிளம்பியதும் முறுக்கச் சொன்னாள். காதைச் சாய்த்துக்கொண்டு திருகை மயிரிழை மயிரிழையாக வெளியே விட்டாள். கூச்சல் குறைந்தது. பிறகு திக்கியது. அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

“இப்ப மரத்துல வை.”

வைத்தேன். திக்கு நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கிற மனிதனைப்போல ஒரு கனத்த குரல் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செயின் பல்லுக்கும் அரம் போட்டுக் கொடுத்தாள். மறுபடி கட்டை வைத்தோம், கூலியாள் எண்ணினான். இருபத்திரண்டு. என் ஓட்டையும் அவள் காதும் சேர்ந்தால் அந்தக் கணக்கு.

ஐந்தாம் நாள் நாலு மணிக்குப் பதினோராவது மரம் துண்டானது. ஆட்களுக்குக் கூலி போக என் கையில் ஆறாயிரத்து முந்நூறு. முகம்கூடக் கழுவாமல் அறுவை மில் வாசலுக்கு ஓடினேன். அக்கா அந்த அறைக்கு வெளியே நின்றிருந்தாள். அறைக்காரர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவுக்கா?”

“அது பழசு. காசு வேண்டாம். ஒரு வருஷம் உன் செயின் எல்லாம் என் கடைக்கு வரணும். தீட்டுற கூலி உண்டு, கடன் கிடையாது.”

ஒரு வருஷம் என்றாள். இருபத்துமூன்று வருஷம் ஆயிற்று; என் ஏழு மெஷினும் இன்னும் அவள் கடைக்குத்தான் போகின்றன. வாசலில் நின்று ஒருமுறை முறுக்கினால் போதும், உள்ளேயிருந்தே நோயைச் சொல்லிவிடுவாள்.

அன்று அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் அரம் பிடித்த காய்ப்பு, நகத்தில் இன்னும் போகாத கறுப்பு. எனக்கு எண்ணுவது அவ்வளவு வேகமாக வராது, அதனால் ஒவ்வொரு நூறாக வைத்து வாய்விட்டு எண்ணினேன். நாற்பதைத் தாண்டும்போது தடுமாறி நின்றேன்.

“என்ன தம்பி, திக்குது?”

“சும்மா இருங்கக்கா, கணக்கு விட்டுரும்.”

அறைக்காரர் சாவி சுழற்றுவதை நிறுத்தினார். நான் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. கடைசி நோட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தேன். அறுபது.