தெர்மாஸ் சாரின் ஜன்னல் நேரம்

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் வாசலில் நின்று சேஷாத்ரி மாமா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "இன்னா மாமா, காலங்காத்தால மாவுக்கு வந்துட்டீங்க? இன்னும் பொங்கவே இல்லியே!" என்று கத்தினேன். அவர் உள்ளே வந்து தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். "சவரிமுத்து போயிட்டார்ம்மா செல்வி. தூக்கத்துலயே" என்றார். பாதி அரைத்த உளுந்து கல்லிலேயே கிடந்தது. அன்றைக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் பாதி வீடுகளுக்கு என் மாவு போகவில்லை.

சவரிமுத்து சாரைப் பற்றி எங்கள் கட்டடத்துக்காரர்களுக்கும், மாதா கோயிலில் அவரோடு பாடியவர்களுக்கும் நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? எனக்குக் கோர்வையாக எழுதவும் வராது. அவரை அதிகமாகக் கிண்டல் செய்தவள் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சார் வேலை பார்த்ததெல்லாம் மீன் வைக்கிற குளிர்கிடங்கில். சூப்பர்வைசர். ஓய்வு பெற்றதும் எங்கள் கட்டடத்துச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். அவர் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. மனைவி ஃபிலோமினா அக்காவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து, பேச்சும் குழறிப்போய், கட்டிலோடு ஆகிவிட்டது. சித்திரை பிறந்தால் அந்த வீட்டுச் சுவரில் கை வைக்க முடியாது. ஈரத் துணியை அக்கா மேல் போர்த்துவார், காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைப்பார். பகல் பூராவும் இதே வேலை. "அம்மா இங்க இருந்தா தாங்காதுப்பா, என்கூட அனுப்பு" என்று பெங்களூரில் இருக்கும் மகள் ஒவ்வொரு கோடையிலும் சண்டை போடும். அக்கா ஒரே சொல்தான் சொல்லும்: "இங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. "என் தரைத்தள வீட்டை எடுத்துக்கோங்க சார், நான் மேல போயிடறேன்" என்றேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "என் வெயிலைத் தூக்கி உன் தலைமேல வெக்கறதா? ஆள்தான் மாறும், வெயில் அங்கியேதான் இருக்கும். செஞ்சா மொத்தக் கட்டடத்துக்கும் செய்யணும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மொட்டை மாடியில் சூட்டைத் தடுக்கிற நுரைப்பலகை பதித்து மேலே வெள்ளை ஓடு. மேற்குச் சுவருக்கு வெளியே இன்னொரு போர்வை. எல்லா ஜன்னலுக்கும் ரப்பர் வைத்த இரட்டைக் கண்ணாடி. மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் புதுசு. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கினார். "சென்னையில கட்டடத்துக்கு ஸ்வெட்டர் போடறேளா ஓய்?" என்று மாமா சிரித்தார். "பிளாஸ்க்குல காப்பியும் வெக்கலாம், ஐஸும் வெக்கலாம் மாமா. வெளிச் சூடு உள்ள வரக்கூடாது, அவ்ளோதான்" என்றார் சார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் தெர்மாஸ் சார். கோபமே வராது. பதிலுக்கு எனக்கு மாவு என்று பெயர் வைத்தார். "சொல்லு மாவு" என்பார்.

ஆடியில் வேலை முடிந்தது. கட்டடம் நிஜமாகவே குளிர்ந்தது. "உங்க புண்ணியத்துல என் மாவு பொங்கவே மாட்டேங்குது சார்" என்று வம்புக்கு இழுத்தேன். "மாடியில வெயில் சும்மாதான் கீது, ஏத்திக் கொண்டுபோய் வெய்யி" என்றார்.

ஐப்பசி மழைதான் எங்களைக் கவிழ்த்தது. சாரல் அடிக்கிறதென்று எல்லோரும் ஜன்னலைச் சாத்தினோம். ஈரத் துணியெல்லாம் வீட்டுக்குள்ளே கொடியில். என் அடுப்பிலோ நாள் முழுக்க இட்லி ஆவி. ஜன்னலுக்கு மேலே பழைய நாளில் வைத்திருந்த காற்று ஓட்டைகளையும் வேலையோடு வேலையாக அடைத்தாயிற்று. ஆவி எங்கே போகும்? சுவரில் கறுப்பு கறுப்பாகப் பூசணம் பூத்தது. "எங்காத்துப் பூஜை ரூம் சுவரைப் பாருங்கோ, கரேல்னு ஆயிடுத்து!" என்று மாமா படியில் நின்று கத்தினார். அதையெல்லாம் சார் தாங்கிக்கொண்டார். அந்தக் காற்றில் ஃபிலோமினா அக்காவுக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நான் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறக்கவே இல்லை. "வாழ்நாள் பூரா மீனுக்கு ரூம் கட்டி வெச்சவன் நான். ஒரு பொட்டுக் காத்து உள்ள போவக்கூடாது. அதே புத்தியில வீட்டையும் அடைச்சிட்டேன். செத்த மீன் மூச்சு விடாது மாவு. மனுஷன் விடுவான். அத மறந்துட்டேன்" என்றார். அன்றைக்கு மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொல்லி ஒரே கூச்சல். அதில் பெரிய குரல் மாமாவுடையது. சார் எழுந்து நின்றார். "தப்பு என்னுது. பிடுங்கணும்னா பிடுங்கிடலாம். மொதல்ல கட்டடம் மூச்சு விட வழி பண்றேன். அடுத்த வெயில் வரைக்கும் பொறுங்க" என்றார். அடைத்த ஓட்டைகளைத் திறந்து கொசுவலை அடித்தார்கள். சமையலறை, குளியலறை தோறும் புகையிழுக்கும் ஃபேன் வந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பூசணத்தைத் தேய்த்தவர் சார்தான். அதோடு ஒரு சட்டமும் போட்டார். விடிந்ததும் திற, வெயில் ஏறினால் மூடு, வெயில் தாழ்ந்ததும் திற. யாரும் மறக்கக்கூடாதென்று வீட்டுச் சாவியால் மாடிப்படிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இறங்குவார். "ஜன்னல் நேரம்! ஜன்னல் நேரம்!" குல்ஃபி வண்டி வருகிறது என்று நான் சொல்வேன்.

இந்தக் கோடையில் அக்காமேல் ஈரத் துணி போடவில்லை. ஒரு நாள்கூட. சார் இதைப் படிக்கட்டில் நிறுத்தி எனக்குச் சொன்னார், ஏதோ ரகசியம் மாதிரி. அந்தக் கோடையையும் அவர் முழுதாகப் பார்க்கவில்லை. அக்கினி நட்சத்திரத்தில் போய்விட்டார்.

ஐஸ் பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். நல்ல உச்சிவெயில். வீடு கொள்ளாத கூட்டம். கே.கே. நகரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "மேல் மாடிதானே இது? ஏசி போட்டிருக்காங்களா?" என்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டார். "இல்லை. அவர்தான் போட்டுட்டுப் போயிருக்கார்…" என்று மாமா பெட்டியைக் காட்டினார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாரை எடுக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. எல்லோரும் கீழே இறங்கப் போனார்கள். அக்கா அழவில்லை. நல்லாயிருக்கிற இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டியது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. போய்த் திறந்தேன். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, சாருக்கு முன்னால் கம்பியைத் தட்டிக்கொண்டே படி இறங்கினேன். சத்தம் வீடு வீடாகப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திறந்தது. அதற்கு நடுவில்தான் எங்கள் சார் போனார்.

மகள் இந்தத் தடவையும் கூப்பிட்டுப் பார்த்தது. அக்கா "இங்க" என்றது. சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகள் சரி என்றது. பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, மேலே ஏறுகிறேன். முதலில் அக்கா வீட்டு ஜன்னல், அப்புறம் கம்பியைத் தட்டிக்கொண்டு கீழே. ஊரையே கிண்டல் செய்கிறவள் நான். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா கடிகாரத்தைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். பாதி வாயால் தினமும் அதே சொல்தான் சொல்லும்.

"லேட்டு, மாவு."