அப்பா கேட்ட ஐயர்

எங்கள் அப்பா இறந்த எட்டாம் நாள், அவருக்கு விருப்பமானவற்றைப் படைக்கும் எட்டுச் செலவன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, தங்கை, நான், அப்பாவோடு ஒரே கடைக் குசினியில் பல வருடம் சமைத்த பாலன் அண்ணை. இல்லாதவர்கள் இருவர்: விசா கிடைக்காமல் கொழும்பிலேயே நின்றுவிட்ட பெரியண்ணா, அன்று வேறிடத்தில் பூசைக்கு ரேர்மின் கொடுத்திருந்த ஐயர்.

அப்பா காரைநகரில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்து, அமெரிக்க இராணுவ முகாமுக்கு எதிரே ஒரு சான்விச் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் நீட்டுப் பாணில் செய்த ஒரே சான்விச்சை ஹோகி என்று கேட்டால் பிலடெல்பியா, ஹீரோ என்றால் நியூயோர்க், கிரைண்டர் என்றால் பொஸ்டன் பக்கம் என்று ஆளின் ஊரைச் சொல்லிவிடுவார். ஒருவன் ஈராக்குக்குப் போனால், "அந்த ஹோகிப் பெடியன் வந்திட்டானோ?" என்று திரும்பி வரும்வரை விசாரித்தபடியே இருப்பாராம். வீட்டிலும் ஓரிடத்தில் இருக்கமாட்டார். தேநீரும் நின்றபடிதான். நாள் முழுவதும் மாட்டிறைச்சி அரிந்த மனிதர், கடைசிவரை மச்சம் மாமிசம் வாயில் வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போவதற்கான அபிற்றூர் பரீட்சை எழுதியவன் நான். எழுத வைத்தவர் அவர். அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

மருத்துவமனையில் கடைசி வாரம் என் கையைப் பிடித்து, "தம்பி, ஐயர் கிடைக்குமோ?" என்றார்.

அம்மா என்னை வாசலுக்கு இழுத்தார். "அவருக்குத் தெரிஞ்சிட்டுது. கெதியாப் போய் ஐயரைக் கூட்டிக்கொண்டு வா!"

மூன்று மணித்தியாலம் கார் ஓடி ஐயரைக் கூட்டிவந்தேன். அவர் திருநீறு பூசித் தேவாரம் பாடினார். அப்பா கும்பிட்டார். பிறகு என் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார். உள்ளே தேங்காயும் வாழைப்பழமும். "சரி, பரவாயில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டுச் செலவுக்கு என்ன படைப்பதென்று அம்மா பாலன் அண்ணையைக் கேட்டார்.

"வேறென்ன அக்கா, ஐயர்தான்."

"ஐயருக்கு இண்டைக்கு ஏலாதாம், பாலன்."

"ஐயோ, அந்த ஐயர் இல்லை. றூபன் எண்டு ஒரு சான்விச். மாட்டிறைச்சி, புளிச்ச முட்டைக்கோவா, சீஸ் வைச்சுக் கறுத்தப் பாணில வாட்டுறது. அண்ணை இறைச்சியை விட்டிட்டு, தன்ரை தாச்சியில தனியா வாட்டிச் சாப்பிடுவார். நாங்கள் பகிடிக்கு அதுக்கு ஐயர் எண்டு பேர் வைச்சனாங்கள். பிறகு ஆமிக்காரங்களும் 'வன் ஐயர்' எண்டு கேக்கத் தொடங்கிட்டாங்கள்."

அம்மா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடைக்குப் போகச் சப்பாத்தைக் காலில் கொளுவினேன்.

"ஓசியில வாங்கிப்போடாதை," என்று அம்மா படிவரை வந்து சொன்னார். "அது அவருக்கு வைக்கிறது."

அப்பாவின் தாச்சி கடைச் சுவரில் கொளுவியபடியே இருந்தது. கூட வந்த பாலன் அண்ணை வாட்டினார். முதலாளி காசு வேண்டாமென்றார், நான் விடவில்லை.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், தோள்கொடுத்த உறவினர் நண்பர்களுக்கும், வீணாக அலைக்கழித்ததற்கு மன்னிப்புடன் ஐயருக்கும், பாலன் அண்ணைக்கும் எங்கள் நன்றி.

அப்பாவின் படத்துக்கு முன்னால் சூடு ஆறமுன் வைத்தோம். கடைச் சிட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ஐயர், ஒன்று. நான்கு யூரோ இருபது சதம்.